பெண்டு எடுத்தவர்

"பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேவா, டீச்சர், தோட்டத்துல இருந்து மிதிச்சு வந்தீங்க?" என்று கேட்டார் நிவித்திகல சந்தியில் சைக்கிள் திருத்துபவர். சக்கரத்தை அவர் எப்போதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். என் சக்கரம் நெளிந்து, சுற்றுக்கு ஒருமுறை பிரேக் கட்டையில் உரசியது. நானோ ஏற்றத்தையும் என் கால்களையும் திட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தின் முதல் டீச்சரான நான் பாடசாலையில் தினமும் கையெழுத்திட்டது, தாமதமானவர்களுக்கான சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

"வீலுக்குப் பெண்டு எடுக்கணுங்க. இல்லாட்டி அது உங்க பெண்டை எடுத்துடும். என்ன பாடம் படிச்சுக் குடுக்கிறீங்க?"

"விஞ்ஞானம்."

அவர் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. சிரித்தாரா என்று இன்றும் தெரியவில்லை.

பெண்டு எடுத்த சக்கரத்தில் மறுநாள் அதே ஏற்றம் பாதியாகத் தெரிந்தது. கோட்டுக்கு மேலே கையெழுத்திட்டேன்.

இன்று தரம் ஏழுக்கு உராய்வுப் பாடம். சைக்கிளை வகுப்பறையில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.