டத்தோ வருவதற்குள் ஒரு பாட்டு

என் தம்பி ஜெயராஜ் எப்படி ராப் பாடகன் ஆனான் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் நான் அமெரிக்காவைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அமெரிக்காவும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் அப்பா. எங்கள் ஊர் தென் கிள்ளானில் அப்பா பக்கிரிசாமி மைக்கைப் பிடித்தால் ஆட்கள் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள்.

அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. அது பகலில். மற்ற நேரமெல்லாம் அவர் செயலாளர். கோவில் கமிட்டிக்குச் செயலாளர், மரண சகாய சங்கத்துக்குச் செயலாளர், பெற்றோர் சங்கத்துக்குச் செயலாளர், பல வருடமாக ஒரு ஆட்டம்கூட ஆடாத காற்பந்துக் குழுவுக்கும் செயலாளர். எங்கே நாலு நாற்காலி போட்டாலும் எழுந்து நின்று, 'அவையோர் அனைவருக்கும்' என்று ஆரம்பித்துவிடுவார். வீட்டிலும் அதே கூத்துதான். சோற்றுக்கு ரசம் வேண்டுமா என்று கேட்டால், ரசத்தின் பெருமை, அம்மாவின் கைப்பக்குவம், ஒத்துழைத்த நல்லுள்ளங்களுக்கு நன்றி என்று அவர் முடிப்பதற்குள் ரசம் ஆறிப்போயிருக்கும்.

எங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமானால், அப்பா மூச்சு வாங்கும் இடைவெளிக்குள் சொல்லிவிட வேண்டும். நான் கோபக்காரி. பேச விடவில்லையென்றால் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். ஜெயராஜ் சாது. அவன் வேகத்தைக் கற்றுக்கொண்டான். 'அப்பா சப்பாத்து கிழிஞ்சிருச்சி கால் விரல் தெரியுது டீச்சர் திட்டுறாங்க நாளைக்குப் புதுசு வேணும் அம்மா உங்ககிட்டதான் கேட்கச் சொன்னாங்க' என்பதை ஏழு வயதில் அரை மூச்சில் சொல்வான். ஒரு எழுத்து சிதையாது. அம்மா அடுப்படியில் நின்று சிரிப்பார்.

எண்பத்தாறாம் வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இராஜம்மா என்று பெயர். எனக்குப் பதினைந்து வயது, ஜெயராஜுக்குப் பன்னிரண்டு. கடைசி நாள் மத்தியானம் நான் கீழே கன்டீனுக்கு மைலோ வாங்கப் போயிருந்தேன். அப்பா ஏதோ கூட்டத்தில் இருந்தார். அம்மா பக்கத்தில் இவன் மட்டும்தான். நான் திரும்பி வந்தபோது அம்மா கண்ணை மூடியிருந்தார்.

"அம்மா ஏதாச்சும் சொன்னாங்களாடா?"

"சொன்னாங்க. அப்பாகிட்ட சொல்லச் சொன்னாங்க. அப்பாகிட்ட மட்டும்."

எத்தனை தடவை கேட்டும் என்னிடம் சொல்லவில்லை. கிள்ளினேன், அப்போதும் சொல்லவில்லை. பிடிவாதத்தில் அம்மாவையே உரித்து வைத்திருந்தான்.

அன்று மாலை வீடு நிறைய ஆட்கள். இவன் அப்பாவின் சட்டையைப் பிடித்து, "அப்பா, அம்மா உங்ககிட்ட" என்று தொடங்கினான். அவ்வளவுதான். "அம்மா. அம்மா என்ற சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா, மகனே" என்று அப்பா பிடித்துக்கொண்டார். மறுநாள் அம்மாவை எடுக்கும் நேரத்தில் அப்பா மைக்கைக் கேட்டு வாங்கினார். பந்திங்கிலிருந்து வந்தவர்களை வரவேற்றார், கூடாரம் போட்டவருக்கு நன்றி சொன்னார், அம்மாவைப் பற்றி உருக்கமாகப் பேசினார். எல்லாரும் அழுதார்கள். பாடை தூக்க நின்றவர்கள் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். நானும் தம்பியும் அம்மாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் தலையைத் தடவ ஒரு கை இல்லை. அப்பா மீது அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு வேறு யார் மீதும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு ஜெயராஜ் வருடக்கணக்கில் முயற்சி செய்தான். அவன் 'அம்மா' என்று வாயைத் திறந்தாலே அப்பாவுக்கு இரங்கலுரை வந்துவிடும். "எழுதிக் குடுத்துத் தொலையேன்டா" என்றேன். "எழுதிக் குடுத்தா மேடையில வாசிச்சிருவாருக்கா" என்றான். அதுவும் நியாயம்தான்.

பள்ளிக்கூடம் முடித்து அவன் டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்த சமயம், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு ராப் கேசட் வாங்கி வந்தான். வாசலில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டான். கேசட் அட்டையில் இருந்த வெள்ளிச் சங்கிலிக்காரர்கள் மூச்சு விடாமல் கொட்டித் தீர்ப்பதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, இவனுங்க வீட்டுலயும் அப்பா இருக்காரு போல."

அப்படித்தான் ஆரம்பித்தது. டயர் மாற்றிக்கொண்டே ஒரு பாட்டுக் கட்டினான். 'ஒரு நிமிஷம் அப்பா, ஒரே நிமிஷம்' என்று தொடங்கும். நடுவில் ரசம் வரும், சப்பாத்து வரும், காற்பந்துக் குழு வரும். கடைசி அடியில் அம்மா சொன்னது வரும். அதை மட்டும் யாருக்கும் பாடிக் காட்டமாட்டான். அவன் கணக்கு எளிமையானது. அப்பா போகாத நிகழ்ச்சி கிள்ளானில் இல்லை. மேடையில் மைக் தன் கையில் இருந்தால் அப்பா கேட்டுத்தானே ஆக வேண்டும். அந்தக் கடைசி அடி அப்பா காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் என் தம்பி பாடகன் ஆனான். புகழுக்கு ஆசைப்பட்டான் என்று எவனாவது எழுதினால் என்னிடம் வரச் சொல்லுங்கள்.

முதல் மேடை தென் கிள்ளான் மண்டபத்தில், தீபாவளி விருந்தில். நான் தையல்காரி. அவன் கேட்டபடி இரண்டு ஆள் நுழையக்கூடிய கால்சட்டை ஒன்றைத் தைத்துக் கொடுத்தேன். அவன் மேடையேறியபோது கால்சட்டை முதலில் போனது, அவன் பின்னால் போனான். 'சவுத் ஜே' என்று பெயர் வைத்துக்கொண்டான், கிள்ளான் ஆற்றுக்குத் தெற்கே இருப்பவன் என்ற அர்த்தத்தில். ஆற்றுக்கு வடக்கே இருந்தவர்கள் அதற்காகவே அவனைப் பார்க்க வந்தார்கள்.

ஆனால் நம் ஊர் நிகழ்ச்சி எப்படி நடக்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை. தலைமை விருந்தினராக, அரசாங்கப் பட்டம் வாங்கிய டத்தோ யாராவது இருப்பார். டத்தோ தாமதமாகத்தான் வருவார், அதுதான் மரியாதை. அவர் வரும்வரை கூட்டம் கலையாமலிருக்க மேடையில் ஆடலும் பாடலும் நடக்கும். அவர் வந்ததும் எது நடந்தாலும் அப்படியே வெட்டிவிட்டு மேளம் அடித்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, உரைகள் ஆரம்பமாகும். அதன் பிறகு பாட்டுக்கு இடமே கிடையாது. இந்த நேரமெல்லாம் செயலாளர் எங்கே இருப்பார்? கையில் மாலையோடு வாசலில்.

தம்பி பாதிப் பாட்டுக்கு வந்தபோது மேளம் கிளம்பியது. அப்பா டத்தோவை உள்ளே அழைத்து வந்தார். அதுவரை வாசலில் பேசிக்கொண்டே நின்ற அவர் காதில் ஒரு வரிகூட விழவில்லை.

"எப்படிப்பா இருந்துச்சி?" என்று அன்றிரவு வீட்டில் இவன் கேட்டான்.

"கலை என்பது என்ன?" என்று அப்பா தொடங்கினார். நான் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

அடுத்த நிகழ்ச்சியில் இன்னும் வேகமாகப் பாடினான். டத்தோ இன்னும் சீக்கிரம் வந்தார். அதற்கடுத்ததில் நாக்கு கண்ணுக்குத் தெரியாத வேகம். இப்படித்தான் அவன் சிலாங்கூர் மாநிலத்திலேயே வேகமான வாய்க்காரன் ஆனான். பந்திங்கில் கூப்பிட்டார்கள். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை ஆண்டு விருந்துக்குக் கூப்பிட்டார்கள், அங்கே தலைமை விருந்தினர் ஒரு ஜப்பானியர், அவர் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதால் இவன் பாடவே இல்லை. சுபாங் ஜெயாவில் கல்யாண விருந்துகளில் பாடினான். எங்கே போனாலும் செயலாளர்களுக்கெல்லாம் செயலாளராக அப்பாவும் வந்து வாசலில் நிற்பார். பையன்கள் பஸ் நிறுத்தத்தில் 'ஒரே நிமிஷம்' என்று பாடித் திரிந்தார்கள். அந்தப் பாட்டின் முடிவை மட்டும் எவரும் கேட்டதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த யோகநாதன் கேசட் போடலாம் என்று முன்வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கூட்டத்துக்கும் போகாதவர். "தம்பி, அப்பாவும் ஒரு ரெண்டு வார்த்தை வாழ்த்திச் சொல்லட்டும், அழகாயிருக்கும்" என்றார் பாவம். அவருக்கு அப்பாவைத் தெரியாது. அப்பாவின் வாழ்த்துரை முதல் பக்கம் முழுக்க ஓடி இரண்டாம் பக்கத்திலும் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டது. முடித்ததும் அவசரக் கூட்டம் என்று அப்பா கிளம்பிப் போய்விட்டார். தம்பி மிச்சத்தில் பாடினான். கடைசி அடிக்கு முன்னால் யோகநாதன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை விரித்தார்.

"டேப் முடிஞ்சுது, தம்பி. உங்கட அப்பா நல்ல மனுசன்தான். ஆனா நிப்பாட்டுறதுக்கு ஒரு சுவிட்ச் வேணும்."

கேசட் பிய்த்துக்கொண்டு போனது. லோரி ஓட்டுகிறவர்கள், நீண்ட பயணத்தில் தூக்கம் வராமலிருக்க ஜெயராஜின் பாட்டும், ஓய்வெடுக்கும் இடத்தில் தூக்கம் வர அப்பாவின் வாழ்த்துரையும் உதவுவதாகச் சொன்னார்கள். அப்பா இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

தொண்ணூற்றாறில் இரண்டாவது கேசட் வெளியீடு, பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில். யோகநாதனிடம் நான்தான் போனேன்.

"அங்கிள், டத்தோ யாரும் வேணாம். தலைமை விருந்தினரா எங்கப்பாவைப் போடுங்க."

"பிள்ளை, நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். தலைமை விருந்தினர் வாசலில் நிற்க முடியாது. முதல் வரிசையில் மாலையோடு உட்கார வேண்டும். கேசட் வெளியீட்டில் பாட்டுதான் முதலில், அவர் உரை கடைசியில்தான். அதுவரை வாயைத் திறக்க வழியில்லை. வகையாக மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு வாழ்நாளில் முதல் தலைமை. புது வேட்டி, புதுச் சட்டை. மண்டபம் நிறைந்துவிட்டது. நேரம் ஆனது. முதல் வரிசை நடு நாற்காலி காலி. ஜெயராஜ் மேடைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தான். நான் வெளியே ஓடினேன். அடுத்த சந்தில் பக்கத்து வீட்டுத் தம்புசாமி அண்ணனின் காரில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சன்னல் ஏற்றியிருந்தது. வேர்த்து ஊற்றியது.

"என்னப்பா பண்றீங்க இங்க?"

"தலைமை விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வந்தா என்ன மரியாதை இருக்கு? இன்னும் கொஞ்சம் போகட்டும்."

"உங்க மகன் நிகழ்ச்சிப்பா அது."

"அதனாலதான் சொல்றேன். அவனுக்குத்தானே பெருமை."

தம்புசாமி அண்ணன் முன்சீட்டிலிருந்து, "வந்ததுல இருந்து இப்படித்தான் லா, ஏர்கோண்ட் கூட போட விடல" என்றார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அதற்குள் மண்டபத்தில் கூட்டம் சலசலக்க, யோகநாதன் தம்பியை மேடையேற்றிவிட்டார். பாட்டுச் சத்தம் சந்துவரை கேட்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான், சரி, இப்போது நுழையலாம் என்று அப்பா காரை விட்டு இறங்கினார். பழக்கம் அப்படி.

நாங்கள் வாசலுக்கு வந்தபோது தம்பி பாட்டின் பாதியில் இருந்தான். தலைமை விருந்தினரை வரவேற்க வாசலில் நின்ற உறுமி மேளக்காரர்கள் அப்பாவைக் கண்டதும் குச்சியை ஓங்கினார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, முன்னால் நின்றவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அடிச்சீங்க, உறுமியைக் கிழிச்சிருவேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குச்சியைக் கீழே போட்டார்.

மேளம் இல்லாததால் அப்பா தானே ஆரம்பித்தார். "அவையோர் அனைவருக்கும்" என்று கைகூப்பினார்.

"உஷ்" என்றது மண்டபம். அத்தனை பேரும். பல வருடமாகப் பாதிப் பாட்டு கேட்டவர்கள் அவர்கள். பந்திங்கிலிருந்து பஸ் பிடித்து வந்த பையன்கள், சேலையில் வந்த அக்காமார்கள், எல்லாரும் தலைமை விருந்தினரைப் பார்த்து உஷ் என்றார்கள். அப்பா வாய் திறந்தபடியே நின்றுவிட்டார். அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

தம்பி கடைசி அடிக்கு வந்தான். அங்கே அவன் வேகம் நின்றுபோனது. பின்னால் ஓடிய இசையை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். பாடவில்லை, சாதாரணமாகச் சொன்னான்.

"அப்பா. அம்மா சொன்னாங்க. நான் போனதுக்கப்புறம் உங்கப்பாவைக் கூட்டத்துல பேச வேணாம்னு சொல்லு. பிள்ளைங்க பக்கத்துல உக்காரச் சொல்லு. அவ்வளவுதான் சொன்னாங்க."

அதுவரை பிடித்துக்கொண்டிருந்த உறுமிக்காரரின் கையை நான் மெல்ல விட்டேன். அறிவிப்பாளர் என்ன செய்வதென்று தெரியாமல், "இப்போது தலைமை விருந்தினர் உரை" என்று சொல்லிவிட்டார். யாரோ அப்பாவின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எப்பச் சொன்னா?" என்று அப்பா மைக்கிலேயே கேட்டார்.

"ஆஸ்பத்திரியில. கடைசி நாளு."

"ஏன்டா அப்பவே என்கிட்ட சொல்லல?"

தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்ல வந்தேன்ப்பா" என்றான்.

அப்பா மைக்கை உறுமியின் மேல் வைத்தார். நடந்து போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். நடு நாற்காலியில் இல்லை, ஓரத்தில் இரண்டு காலி நாற்காலிகளுக்கு இடையில். என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு நாற்காலியைத் தட்டினார். மேடையைப் பார்த்து இன்னொன்றைத் தட்டினார். நான் போனேன். தம்பி அந்தக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

அறிவிப்பாளர் இன்னொரு தடவை அழைத்தார். அப்பா எழவில்லை. எங்கள் இரண்டு பேர் கையையும் தன் மடியில் வைத்துக்கொண்டு, அம்மா செத்துப் பத்து வருடம் கழித்து, ஒரு வார்த்தை பேசாமல் அழுதார்.