செண்பகத்தின் இடது கால்

என் மனைவியைக் கொன்றவன் நான்தான்! நோய் என்று ஊர் சொல்கிறது. நீங்களாவது உண்மையைக் கேளுங்கள்...

பிள்ளை பெற்ற பிறகு செண்பகத்தின் இடது கால் வீங்கிப்போயிற்று. தென்காசி டாக்டர் என்னையும் அவள் அண்ணனையும் நிறுத்திச் சொன்னார்: “உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கு. காலைத் தேய்க்கவே கூடாதுவே!”

மச்சான் முன்னால் தலையாட்டினேன். மனசு கேட்டதா? குற்றாலநாதர் சந்நிதிப் பக்கம் விழுகிற மூலிகைத் தண்ணீருக்கு அடங்காத வீக்கமா என்று நினைத்தேன். நாற்பது நாள் கழிந்ததும், மச்சானுக்குத் தெரியாமல் அருவிக்கு அழைத்துப் போனேன். எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. என் கையாலேயே அவள் கெண்டைக்காலை அழுத்தி அழுத்தி நீவினேன்.

“முறுக்கு மாவா பிசையுதிய? மெதுவாங்க!” என்று சிரித்தாள்.

எழுந்து நான்கடி வைத்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு ஏறவில்லை...

எண்ணெயைத் துடைத்து, வண்டியில் டாக்டரிடம் கொண்டுவந்தேன். மச்சானும் ஓடிவந்தார்.

“காலைத் தேய்ச்சீரா?” என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

“இல்லை” என்றேன். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

“யாரும் தொடல டாக்டர்... சாரல்ல நனைஞ்சிட்டேன்.”

சாகிற நேரத்திலும் என் மானத்தைக் காத்தாளே, பாவி மகள்!

நிமோனியா என்று நான்கு நாள் ஊசி போட்டார்கள். பிறகு மதராஸில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே நெஞ்சைத் திறந்து, நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாயைக் கீறி, காலிலிருந்து ஏறிவந்து அடைத்திருந்த ரத்தக்கட்டிகளை எடுத்தார்கள். பீங்கான் தட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். அட்டைகளைப் போலக் கருஞ்சிவப்பாய், விரல் நீளத்தில்...

“எல்லாத்தையும் எடுத்துட்டோம். ஆனா இதயம் இத்தனை நாள் முட்டி மோதி ஓய்ஞ்சுபோச்சு. முதல் நாளே தெரிஞ்சிருந்தா...” என்றார் அந்தச் சர்ஜன்.

முதல் நாளே தெரிந்தவன் அவர் எதிரில்தான் கைகூப்பி நின்றான்!

மச்சான் இன்னும் தென்காசி டாக்டரைத்தான் ஏசுகிறார். “நோவு என்னன்னு தெரியாத பய! நீங்க என்ன செய்விய மாப்ள?” நானும் ஆமாம் போடுகிறேன்.

தினமும் கோயிலுக்குப் போகிறேன். சாமிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒன்றும் கேட்கவில்லையே... அதுதான் பயமாயிருக்கிறது.

இதோ, மச்சான் உள்ளே என் மகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார். உங்களிடம் சொல்லிவிட்டேன். கையெடுத்துக் கும்பிடுகிறேன்... அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!