சண்டை போடாமல் பிரிந்தோம்

இந்த ஊரில் சண்டை போடாத வீட்டைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பட்டாபிராமில் எங்கள் பக்கத்து வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் காலையில் குழாயடியில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்கள். மாலையில் ஒரே சைக்கிளில் சிரித்துக்கொண்டு சினிமாவுக்குப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் சண்டை பனையோலை வேலியைத் தாண்டாது. குரல் தாழ்ந்தால்தான் அங்கே வீட்டில் ஏதோ கோளாறு. இத்தனை வருஷமாகியும் இவர்களுடைய சத்தம் எனக்குப் பழகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நானும் அக்காவும் சரோஜாக்கா வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். அக்கா பகலில் அம்பத்தூருக்குத் தையல் வேலைக்குப் போய்விடுவா. ஊரிலிருந்தே என்னை விரும்பிய வசந்தன், ஐயப்பன்தாங்கலில் இருந்து பஸ் மாறி மாறி என்னைப் பார்க்க வருவார். ஒரு மத்தியானம் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சுவிசுக்கு ஒரு வழி வந்திருக்கு. ஒரு ஆளுக்குத்தான். உம்மை எப்ப கூப்பிடுவனெண்டு தெரியாது. காத்திரும் எண்டு சொல்ல எனக்கு மனமில்லை. சண்டை பிடிக்காமல் பிரிவம்."

நான் பிறவிச் சந்தேகக்காரி. பால்காரர் நேரத்துக்கு வந்தால்கூட ஏன் என்று யோசிப்பேன். இவ்வளவு நிதானமாக ஒரு மனிசன் காதலைக் கைவிடுவானா? "அங்க ஆரையும் பாத்து வச்சிருக்கினமோ?" என்று கேட்டேன். இல்லையென்றார். நான் நம்பவில்லை. ஆனாலும் அகதி விசாரணை, பதிவு, கையெழுத்து என்று அவர் இங்கே போலீசுக்கு அலைவதைப் பார்த்தவள் நான். போகவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? சரி என்றேன்.

மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த சரோஜாக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னாம்மே, டீ குடிச்சிகினே பிரியறீங்களா? யாருக்குக் காது குத்தற? அடிச்சானா?"

"இல்லை அக்கா."

"வவுத்துல எதுனா கீதா?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வசந்தன் நிலத்தைப் பார்த்தார்.

"எங்க ஜனத்துல அத்துக்கணும்னா துரும்பு கிள்ளுவோம். கிள்ளிட்டா அப்பால நீ யாரோ, அவ யாரோ. நாளைக்கு வந்து ஒரு பேச்சு பேசக்கூடாது." கையிலிருந்த வைக்கோலில் ஒன்றை உருவி அவரிடம் நீட்டினார். "நீதான போற? நீ கிள்ளு. ஆளுக்குப் பாதியத் தூக்கிப் போட்டுட்டுப் போயினே இருங்க."

வசந்தன் சிரித்தபடி வாங்கினார். இரண்டு விரலால் பிடித்தார். அவ்வளவுதான். சிரிப்பு போய்விட்டது. ஒரு வைக்கோல்தானே, கடவுளே, அதைக் கிள்ள அவரால் முடியவில்லை.

என் சந்தேகம் அந்த இடத்திலேயே செத்தது. அது செத்ததில் எனக்குச் சந்தோஷமில்லை. யாரோ ஒருத்தி அங்கே இருந்திருந்தால் அவரைத் திட்டித் தீர்த்திருப்பேன், அழுதிருப்பேன், ஆறியிருப்பேன். இப்போது ஒரு சொல் போதும், "போகாதேங்கோ" என்றால் அவர் நின்றுவிடுவார். நின்றால் அவருடைய வாழ்க்கையும் இங்கே கையெழுத்துப் போட்டுப் போட்டே தேய்ந்துவிடும்.

"தாங்கோ," என்று அவர் கையிலிருந்து வாங்கி நானே கிள்ளினேன்.

அவர் என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

சரோஜாக்கா என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "இன்னாம்மே, இன்னும் நின்னுகினு கீற? கையில கீறத தூக்கிப் போட்டுட்டு உள்ள வா."

அவருடைய பாதியும் என்னுடைய பாதியும் என் கையிலேயே இருந்தன. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.