மரகதம் டீச்சர் அனுப்பாமல் வைத்திருந்த ஒலிப்பதிவு

நஸ்ரின், கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடமும் வேண்டாம். வகுப்பின் அஞ்சலிப் பக்கத்தில் நான் எழுதிய இரண்டு வரி எல்லாருக்கும். இது டீச்சரை நன்றாக அறிந்த உனக்கு மட்டும்.

இன்று காலை தமிழ் வகுப்புக்குப் புது டீச்சர் வந்து, "மரகதம் டீச்சர் சனிக்கிழமை தவறிட்டாங்க, மாரடைப்பு" என்றபோது நீ அழுதாய். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

வாரம் ஒருமுறை நாம் வாசிப்பதை டேப்லெட்டில் பதிவுசெய்ய வைப்பாரே, திக்கியதையும் அழிக்க விடமாட்டார். "நல்லா வாசிச்சத மட்டும் வெச்சுக்கிட்டா, நீ எங்கேருந்து ஏறி வந்தேன்னு யாருக்குத் தெரியும்?" என்பார். தேக்கா சந்தையில் காய்கறிப் பெயர்களைப் பதிவுசெய்யப் போனபோது நீ ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டாய். "பாப்பா, வாங்க வந்தியா, பேட்டி எடுக்க வந்தியா லா?" என்று கடைக்காரர் கத்தினார். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அதையும் அழிக்கவில்லை.

போன வியாழக்கிழமை வீட்டுப் பாடத்துக்காக என் அறையில் வாசித்துப் பதிவுசெய்துகொண்டிருந்தேன். கூடத்தில் அப்பா அம்மாவை அடித்தார். தட்டு உடைந்தது. அம்மா அழுதது, அப்பா சொன்ன வார்த்தைகள், எல்லாம் பதிவாகிவிட்டன. அவசரத்தில் அழிப்பதற்குப் பதில் அனுப்பிவிட்டேன்.

நாம் அனுப்புவது முதலில் டீச்சரிடம் போகும். அவர் கேட்டு ஒப்புதல் தந்த பிறகே பெற்றோரின் ஃபோனுக்குப் போகும். வெள்ளிக்கிழமை இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத நான் விடல. அப்பாவுக்குப் போகாது."

"அழிச்சிடுங்க டீச்சர், ப்ளீஸ்."

"மாட்டேன்மா. நாளைக்கு யாராவது நீ பொய் சொல்றேன்னா இதுதான் சாட்சி. அப்பா இப்ப வீட்லயா?"

"எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூர்ல வேலை. திங்கக்கிழமைதான் வருவாரு."

"இன்னைக்கு நம்ம ஸ்கூல் கவுன்சலர் லீவு. திங்கக்கிழமை முதல் வேலையா ரெண்டு பேரும் போவோம். நான் உன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

இன்றுதான் அந்தத் திங்கட்கிழமை.

மதியம் புது டீச்சர் சொன்னதை நீயும் கேட்டாய். "உங்க டீச்சர் அனுப்பாம விட்ட பதிவுங்க நிறைய இருக்கு. எல்லாத்தையும் இன்னைக்கே பெற்றோருக்கு அனுப்பிடுறேன். உங்க டீச்சருக்கு நாம செய்ற மரியாதை." நான் எழுந்து நின்றேன். "என்னடி, டாய்லட்டா?" என்றாய். வகுப்பே சிரித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

உன்மேல் கோபமில்லை. உனக்குத் தெரியாது.

மரகதம் டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். நடந்ததை அழிக்கக் கூடாது. நாளைக்கு நானே கவுன்சலரிடம் போகிறேன். எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நீயும் வா. பேச வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

அப்பா வந்துவிட்டார். கூடத்தில் அவர் ஃபோனில் ஒரு சிறுமி வாசிக்கும் குரல் கேட்கிறது. என் குரல். நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து போடுகிறார். காலடிச் சத்தம் இந்தப் பக்கம் வருகிறது. நஸ்ரின், நான் நாளைக்குப் பள்ளிக்கு வராவிட்டால் நீயே கவுன்சலர் அறைக் கதவைத் தட்டு, இதை அவரிடம் காட்டு