ஒன்பது யூனிட் வீடு

தட்டுவதற்கு முன் கதவில் கை வைத்துப் பார்க்கிறார். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, காய்ச்சல் பார்ப்பதுபோல. ஃபிரிட்ஜ் ஓடினால் மரத்தில் தெரியுமாம். தண்ணீர் ஓடினால் சுவரில். "ஆள் இருக்கு. குளிச்சிட்டிருக்காங்க. அஞ்சு நிமிஷம் நிப்போம்" என்பார். நிற்போம். ஐந்து நிமிஷத்தில் ஈரத்தலையோடு யாராவது வந்து திறப்பார்கள். முதல் தடவை சிரித்தேன். மூன்றாம் தடவைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

வகுப்பில் அவருக்கு மீட்டரக்கா என்று பெயர். இருபத்து மூன்று வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்மீட்டர் பார்த்து எழுதியவர். மீட்டர்கள் தம் கணக்கைத் தாமே அனுப்பக் கற்றுக்கொண்டதும் வேலை போயிற்று. ஐம்பதாவது வயதில் தோளில் பையை மாட்டிக்கொண்டு சமூகப்பணிப் பட்டய வகுப்புக்கு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். வந்த முதல் நாள், அவர்தான் ஆசிரியர் என்று நினைத்து நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். அவரும் திரும்பிப் பார்த்து, யாருக்கு என்று தெரியாமல், எங்களோடு சேர்ந்து நின்றார்.

எண்களை அவர் சேர்த்துச் சொல்வதில்லை. "வயசு என்னக்கா?" என்றால் "அஞ்சு, ஒண்ணு" என்பார். எழுத்தும் அப்படித்தான். ரீடிங் அட்டையின் கட்டங்களில் எழுதியே பழகிய கை, தேர்வுத்தாளிலும் இல்லாத கட்டங்களைப் பார்க்கிறது. 'பரிவு' என்று அவர் எழுதினால் மூன்று வாடகைதாரர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் ஒரே மாடியில் குடியிருப்பது மாதிரி இருக்கும்.

படிப்பதற்காக அவர் வீட்டுக்குப் போனால் இன்னொன்றைப் பார்க்கலாம். பாடத்தின் நடுவில் எழுந்துபோய் நடையின் விளக்கைப் போடுவார். கொஞ்ச நேரம் கழித்து அணைப்பார். மறுநாள் அதைத் தொடமாட்டார். பதிலாக வெறும் மிக்ஸியை ஒரு சுற்று ஓட விடுவார்.

"அம்மா, நீ படிக்கிறியா, இல்ல இந்த வீட்ல உசிரு இருக்குன்னு கரண்டுக்காரங்களுக்கு சாட்சி சொல்றியா?" என்று உள்ளேயிருந்து மகள் கத்துவாள்.

"நம்ம வீட்டு நம்பர் ஒரே மாதிரி வந்துடக் கூடாதுடி."

"ஊர்ல இருக்கற கரண்டையெல்லாம் பார்த்தாச்சு, இப்ப நம்ம வீட்டு கரண்டு" என்பார் கணவர், செய்தித்தாளை இறக்காமலே.

மகள் சிரிப்பாள். அக்கா சிரிக்கமாட்டார். காரணத்தை ஒருநாள் பேருந்தில், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

ஒரு பின்கட்டு வீடு. தனியாக ஒருவர். மீட்டர் வெளிச்சுவரில் இருந்ததால் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஒரு மாதம் எழுபத்தொன்பது யூனிட். மறுமாதம் எழுபத்தொன்பது. அதற்கடுத்த மாதமும் எழுபத்தொன்பது. ஜன்னலில் எப்போதும் வெளிச்சம் இருந்தது. "எவ்வளவு ஒழுங்கான மனுஷன்னு ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். எல்லாரும் இவரை மாதிரி இருந்தா நம்ம வேலை எவ்வளவு சுலபம்னு சொன்னேன்." ஒரு பல்பு, ஒரு ஃபேன், மூன்று மாதம். அணைக்க ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன. கடைசியில் வாசனை வந்து மற்றவர்கள் கதவை உடைத்தபோதும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததாம். "உசிரோட இருக்கறவங்க ஒரே நம்பரை ரெண்டு தடவை போடமாட்டாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதிட்டுப் போயிட்டேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம்.

படிக்க வந்ததற்கு அதுதான் காரணமென்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணை அவரால் வாசலில் கழற்றிவைத்துவிட்டு வர முடிவதில்லை. முதலாமாண்டுக் களப்பணியில் ஒரு குடும்பத்திடம், "நாலு பேருன்னு சொல்றீங்க, அஞ்சு பேர் கரண்டு ஓடுதே" என்று கேட்டுவிட்டார். ஐந்தாவது ஆள், கணவனுக்குப் பயந்து அந்த வீட்டில் ஒளிந்திருந்த ஒரு பெண். அன்று மாலையே அவள் வேறெங்கோ போய்விட்டாள். குடும்பம் புகார் கொடுத்தது, அக்கா தோற்றார்.

எங்கள் களப்பணி மேற்பார்வையாளர் கெட்டவர் அல்ல. "கதவு அவங்களோடது. திறந்தா போறோம், திறக்கலைன்னா திரும்பி வர்றோம். வேவு பார்க்கறது வேற வேலை" என்பார். மறுவாய்ப்புக் கொடுத்தபோது அக்காவின் பதிவேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'மீட்டர் பார்க்கக் கூடாது.' அக்கா அதன் கீழே கட்டம் கட்டமாகக் கையெழுத்துப் போட்டார். இதிலும் தோற்றால் மூன்றாம் வாய்ப்பு கிடையாது. படிப்பே போய்விடும்.

அந்த இரண்டாம் வாய்ப்பில்தான் நான் அவருக்கு ஜோடி. எனக்கு எல்லாக் கதவும் பயம் என்பதால் எங்களைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமைகளில் நான்காவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். பகலிலும் படிக்கட்டில் சாம்பல் நிற வெளிச்சம். ஓய்வுபெற்ற தட்டச்சரான ஒரு மூதாட்டி, தங்கை இறந்த பிறகு தனியாக இருக்கிறார். வெளியே வருவதில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ரொட்டியும் பால் பாக்கெட்டும் கொண்டுவந்து, கதவின் கீழ்ப்பாதியில் கடிதம் போடுவதற்கென்று இருக்கும் தகர வாய் வழியே தள்ளிவிட்டுப் போகிறார்கள். முதியோர் இல்லத்துக்கு அனுப்பலாமா என்று பேச்சு வந்தபோது, "நான் நல்லா இருக்கேன்" என்று நான்கு பக்கம் பிழையில்லாமல் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்.

முதல் புதன் கதவு நான்கு விரல் அளவு திறந்தது. ஒரு கண், மூக்குக்கண்ணாடியின் ஒரு வட்டம். "நல்லா இருக்கேன்மா. அப்புறம் வாங்க." மூடிக்கொண்டது.

இரண்டாம் புதன் கதவு திறக்கவில்லை. "நல்லா இருக்கேன்மா. அப்புறம் வாங்க." குரல் கீழ்வீட்டிலிருந்து வருகிறதோ என்று நான் படிக்கட்டை எட்டிப் பார்த்தேன்.

மூன்றாம் புதன் அக்கா கேள்வியை மாற்றினார். "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?" பிறகு அதே ஏற்றம், அதே இறக்கம்: "நல்லா இருக்கேன்மா. அப்புறம் வாங்க."

எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கியபடி எட்டிப் பார்த்தார். "அந்தம்மா டேப்புங்க. தட்டினா ஓடும். எனக்கும் அதையேதான் சொல்லுது."

பதிவேட்டில் நான் எழுதினேன்: 'நலமாக இருக்கிறார். கதவைத் திறக்க விரும்பவில்லை.' முந்தின வாரமும் அதைத்தான் எழுதியிருந்தேன். அக்கா என் தோளுக்கு மேலாகப் படித்தார். இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான்காம் புதன் கீழ்த்தளத்தில், மீட்டர்ப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார்.

"அக்கா, வேணாம்" என்றேன்.

"வாராவாரம் பார்த்துட்டுத்தான் இருக்கேன்." பொத்தானை அழுத்தினார். பச்சை எண்கள் வந்தன. உதடு அசைந்தது. "முதல் வாரம் ஒண்ணு, நாலு. அதுக்கப்புறம் ஒம்பது. இந்த வாரமும் ஒம்பது."

"அதனால என்ன? குரல் வருதே. உள்ள ஆள் இருக்காங்களே."

"குரல் இருக்கு. கை இல்லை. ஃபிரிட்ஜ் மட்டும் தானா ஓடிட்டிருக்கு."

நான்கு மாடியும் அவர் எனக்கு முன்னால் ஏறினார், கைப்பிடியைத் தொடாமல். கதவில் கை வைத்தார். உள்ளங்கை, புறங்கை. பிறகு கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இடுப்பு உயரம், முழங்கால் உயரம், கடைசியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தட்டியது கதவின் அடியில்.

"நல்லா இருக்கேன்மா." குரல் அவருடைய முகத்துக்கு நேராக வந்தது. "அப்புறம் வாங்க."

அக்கா போகவில்லை. தகர வாயருகே வாயை வைத்து, யாரோ சொந்தக்காரியிடம் கதை சொல்லும் தோரணையில் ஆரம்பித்தார். பின்கட்டு வீடு. எழுபத்தொன்பது. ஒழுங்கான மனுஷன். ஆபீசில் சொல்லிச் சிரித்தது. பேருந்தில் என்னிடம் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே சொன்னார். கதவை உடைத்தபின் அட்டையை எடுத்துப் பார்த்தாராம். மூன்று மாதமும் தன் கையெழுத்து அழகாக இருந்ததாம். எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார். அவரும் பல் துலக்குவதை நிறுத்திவிட்டார்.

கதை முடிந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அந்த வீட்ல ஃபேன் ஓடிட்டே இருந்துச்சா?"

அதே குரல். வேறு வாக்கியம். எதிர்வீட்டுக்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

"ஓடிட்டே இருந்துச்சும்மா" என்றார் அக்கா.

"இங்க ஓடலை." மூச்சு வாங்கும் சத்தம். "நான் விழுந்தப்ப பகல். ஃபேன் போடலை. லைட்டும் போடலை. இப்ப கால் ஊன முடியலை, ஸ்விட்ச் எட்டலை. தாழ்ப்பாளும் எட்டலை. ராத்திரியெல்லாம் ஒரே இருட்டும்மா."

"ஏம்மா, இத்தனை பேர் வந்து தட்டினோமே?"

"சொன்னா ஹோமுக்குக் கொண்டுபோயிடுவீங்களே."

"தெரியலைம்மா" என்றார் அக்கா. "முதல்ல கால் எப்படி இருக்குன்னு பார்ப்போம். அனுப்பணும்னு யாராவது எழுதினா, வேணாம்னு நானும் எழுதுவேன். என் எழுத்து மோசமா இருக்கும். ஆனா எழுதுவேன்."

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

நான் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். இருபது நிமிஷம் என்றார்கள். ஆம்புலன்சுக்கும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் கடப்பாரை தேடிக் கீழே ஓடினார். பிறகு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அக்காவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். முழுதும் கேட்டார்.

"விழுந்து கிடக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் வாயைத் திறந்தேன். குரல் கீழிருந்து வந்தது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அக்கா தரையில் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"மீட்டர் பார்த்தேன் மேடம். நாலு வாரமும் பார்த்தேன். எழுதிக்குங்க."

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. "அவங்ககூடவே இருங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்." இணைப்பு அறுந்தது.

படிக்கட்டில் அந்தச் சாம்பல் வெளிச்சம் மட்டும் இருந்தது. அக்கா தன் போனை எடுத்து டார்ச்சைப் போட்டார். தகர வாயில் வைத்துப் பார்த்தார், உறை தடுத்தது. நகத்தால் உறையை உரித்து மடியில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் உள்பக்கம் போகிற மாதிரி திருப்பிப் பாதிவரை நுழைத்தார். விடவில்லை. உள்ளேயிருந்து ஒரு இழுப்பு வரும்வரை, இரண்டு விரலால் அதன் முனையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.