உயிரில்லாத குச்சிகள்

கண்டெய்னர் மூடியைத் திறந்தேன். புகை எழவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். மல்லசமுத்திரம் பக்கத்தில் ஓர் ஆடு இனவிருத்தி நிலையத்தில் உதவியாளராக இருந்தேன். நல்ல கிடாக்களின் விந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து, கண்டெய்னரில் திரவ நைட்ரஜனுக்குள் உறையவைத்துப் பாதுகாப்பது எங்கள் வேலை. நைட்ரஜன் வெண்புகையாகத் தானே ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஸ்கேலை விட்டு அளந்து, குறையக் குறைய ஊற்ற வேண்டும். அக்கா மகள் காதுகுத்துக்கு எடப்பாடி போகும் அவசரத்தில், சனிக்கிழமை அளக்காமலே கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை ஸ்கேல் காய்ந்து வந்தது.

நிலையத்தின் கால்நடை டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அவசரமாக ஊற்றி நிரப்பினேன். ரிஜிஸ்டரில் வழக்கமான அளவையே எழுதினேன். இளகிய குச்சியை மறுபடி உறையவைத்தால் உள்ளே இருப்பது பிழைக்காது. வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சிலதாவது தப்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் பாவாயி என்ற பெண் நாலு மைல் நடந்து மூன்று ஆடுகளை ஓட்டிவந்தார். அந்தக் குச்சிகளைத்தான் சினை ஊசியாகப் போட்டு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார்.

"ஏனுங்க சாமி, மூணும் சினை நிக்காம திரும்பக் கத்துதுங்களே. உங்க ஊசிய நம்பித்தானுங்க கெடாய்கிட்ட உடாம வெச்சிருந்தேன்."

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் ஒரு குச்சியை எடுத்து வெதுவெதுப்பான நீரில் இளக்கினார். ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"நீங்களே பாருங்க."

பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"எப்ப இருந்து தெரியும்?"

"மூணு வாரமாங்க சார்."

அவர் திட்டவில்லை. அந்தக் கண்டெய்னரில் இருந்த அத்தனை குச்சிகளையும் கொட்டச் சொன்னார். போன கோடையில் செத்துப்போன ஒரு கருப்புக் கிடாவின் குச்சிகளும் அதில் இருந்தன. அந்தக் கிடாவின் விந்து வேறெங்கும் இல்லை. என் கையாலேயே கொட்டினேன்.

"அந்தம்மாகிட்டயும் நீங்களே சொல்லிருங்க" என்றார்.

வேப்பமரத்தடியில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்த பாவாயியிடம் போய், நடந்ததைச் சொன்னேன்.

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"ஆமாங்க."

"என்ற ஆட்டுக்கு வாயில்லீங்க சாமி. உங்களுக்கு இருந்துச்சே" என்றார். கயிறுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன்பின் எங்கள் நிலையத்துக்கு அவர் வரவே இல்லை.

எனக்கு மெமோ வந்தது, பதில் எழுதினேன், வேலை தப்பியது. ஓய்வு பெறும் வரை, விடுப்பு நாளிலும் வந்து அளந்துவிட்டுத்தான் ஊருக்குப் போனேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன். தவறு எல்லோருக்கும் நேரும். நேர்ந்த அன்றே வாயைத் திறந்து சொன்னால், கிடைக்கும் திட்டு உங்களோடு போகும். மறைத்தால், உங்களை நம்பி நடந்து வருகிறவர்கள் அதைச் சுமப்பார்கள்.