வெள்ளை நாய்க்குச் சொறி என்று எழுதினேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மதுரையில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். ஜட்கா குதிரைகளும் உழவு மாடுகளும்தான் அங்கே அதிகம் வரும். நாயைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் குறைவு. அப்போதிருந்த டாக்டர் பாதி நாள் கிராமங்களைச் சுற்றிக்கொண்டிருப்பார். அதனால் நாய்களை நானே பார்த்து அனுப்பிவிடுவேன். அரிப்பு என்றால் சொறி, சொறி என்றால் கந்தகக் களிம்பு. அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

ஒரு கார்த்திகையில், மழை விட்டு வெயில் முகம் காட்டிய நாளில், மாடக்குளம் கண்மாய்க்கு மேற்கேயிருந்து வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண் வெள்ளை நாய் ஒன்றைக் கயிற்றில் பிடித்தபடி நடந்தே வந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாய் உட்கார்ந்து முன்னங்காலைக் கடித்தது, பிறகு நக்கியது, பிறகு காதை உதறியது. வயிறும் அக்குளும் சிவந்திருந்தன. முன்னங்கால் விரல்களில் மட்டும் முடி வெற்றிலைச் சாறு பட்டதுபோல் செம்பழுப்பாகியிருந்தது. நக்கி நக்கி அப்படி ஆகியிருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அன்று நான் மேசையை விட்டு எழவில்லை. நோட்டில் சொறி என்று எழுதி, களிம்பைக் கொடுத்து அனுப்பினேன்.

மறு வருஷமும் அதே கார்த்திகையில் வந்தார். களிம்பு போட்ட இடம் எரிந்து நாய் கத்தியதாகச் சொன்னார். வீட்டில் வேறு இரண்டு நாய்கள் இருப்பதாகவும், அவற்றுக்கு ஒன்றுமில்லை என்றும், பிள்ளைகளுக்கும் அரிப்பு இல்லை என்றும் சொன்னார். அப்புறம், என் முகத்தைப் பார்த்துத் தயங்கிவிட்டு, “மழைக்கப்புறம் கண்மாய்க் கரையில புல்லு பூக்கயிலதான்யா இம்புட்டுப் பாடும். மாசி பொறந்துட்டா மருந்தே போடலேன்னாலும் நின்னுருது” என்றார்.

நோயைப் பற்றி அதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் சொல்லியிருக்க முடியாது. நானோ சிரித்துவிட்டு மறுபடியும் களிம்பைக் கொடுத்தேன்.

மூன்றாம் வருஷம் அவரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. மருந்தை ஒழுங்காகப் போடவில்லை என்று கடிந்துகொண்டேன். அவர் நாயை வீட்டுக்குள் விடலாமா என்று மட்டும் கேட்டார். ராத்திரி அவர் கட்டிலுக்கு அடியில்தான் அது படுக்குமாம்.

“பிள்ளைங்க இருக்கிற வீட்ல சொறி நாயை வச்சுக்கலாமா? எல்லாருக்கும் ஒட்டிக்கும். தோட்டத்துப் பக்கம் தூரமாக் கட்டிப் போடும்மா” என்றேன்.

“சரிங்கய்யா” என்று போய்விட்டார்.

அடுத்த வருஷம் எங்களுக்குப் புது டாக்டர் வந்தார். சென்னையில் படித்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருக்குக் கீழே வேலை பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. ஐப்பசிக் கடைசியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தன் நாயைக் கொண்டுவந்தார். அதுவும் காலை நக்கிக்கொண்டே இருந்தது, அதே சிவந்த வயிறு. நான் களிம்பு டப்பாவைத் திறந்துவிட்டேன். டாக்டர் என்னை நிறுத்திவிட்டு, தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சொறிப்பூச்சி ஒன்றுகூட இல்லை. நாயை எங்கே உலாத்துகிறீர்கள், எந்த மாசத்தில் ஆரம்பிக்கிறது, எப்போது அடங்குகிறது என்று நிதானமாக விசாரித்தார். மனிதர்களில் சிலருக்குப் பூந்தூள் பட்டால் தும்மலும் கண்ணரிப்பும் வருவதுபோல நாய்க்குத் தோலில் வரக்கூடும் என்றார். அலர்ஜி என்ற வார்த்தையை அன்றுதான் முதலில் கேட்டேன். வெளியே போய் வந்ததும் காலையும் வயிற்றையும் பச்சைத் தண்ணீரில் கழுவித் துணியால் ஈரம் ஒற்ற வேண்டும், பூத்த புல்லுக்குள் விடக்கூடாது, சிவந்த தோலில் கந்தகம் போடவே கூடாது, புண் வைத்தால் மட்டும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை அவர் பழைய நோட்டுகளைப் புரட்டினார். வெள்ளை நாய், மூன்று வருஷம், ஒரே மாசம், மூன்றும் என் கையெழுத்து.

“இந்த நாயைச் சுரண்டிப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன் சார். பூச்சி இருந்துச்சு” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நோட்டை மூடினார்.

அந்தக் கார்த்திகையில் அந்த அம்மா வரவில்லை. தினமும் வாசலைப் பார்த்தேன். ஊர் தெரியும், சைக்கிள் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தன. ஆனாலும் போகவில்லை. போனால் என்ன சொல்வது என்று மார்கழி முழுவதும் தள்ளிப்போட்டு, தை பிறந்து பொங்கலும் கழிந்த பிறகுதான் சைக்கிளில் காளவாசலைத் தாண்டி அவர் ஊருக்குப் போனேன்.

வீட்டில் நாய் இல்லை. அந்த அம்மா என்னைக் கண்மாய்க் கரையை ஒட்டிய அவர்கள் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். முந்தின வருஷக் கார்த்திகையிலிருந்து அங்கேதான் கட்டிக் கிடக்கிறதாம். ஒரு கருவேல மரத்தடி. சுற்றிலும் இடுப்பளவு புல், கதிர் கதிராகப் பூத்து நின்றது. எது ஆகாதோ அதற்கு நடுவிலேயே நான் அதைக் கட்டிப்போட வைத்திருந்தேன். வயிற்றுத் தோல் யானைத் தோல்போல் கறுத்துத் தடித்திருந்தது. ஒரு காது உதறி உதறி வீங்கிச் சுருங்கிப் போயிருந்தது. என்னைப் பார்த்து அது குரைக்கக்கூட இல்லை.

நானே கயிற்றை அவிழ்த்தேன். கிணற்றுத் தண்ணீரை மெல்ல ஊற்றிக் காலைக் கழுவினேன். விரலிடுக்கில் புல் விதைகள் ஒட்டியிருந்தன. கழுவி ஒற்றிய கொஞ்ச நேரத்தில் அது நக்குவதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் படுத்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரெண்டு வருஷத்துக்கு முந்தி அவர் சொன்னதுதான் சரி, நான்தான் காதில் வாங்கவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

“சென்னையிலேருந்து புது வைத்தியம் வந்திருக்கும்மா. இது ஒட்டிக்காத வகைச் சொறி. வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. “இம்புட்டுத் தொலவு எங்க நாய்க்காகவா வந்தீக?” என்றார்.

அடுத்த கார்த்திகையில் நாயுடன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தினமும் இருவேளை கழுவுவதாகவும், அரிப்பு முழுக்கப் போகவில்லையென்றாலும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாகவும் சொன்னார். ஆனால் எவ்வளவு கூப்பிட்டும் வீட்டு வாசற்படியை அது தாண்டுவதில்லையாம். வெளியே மாட்டுத் தொழுவத்தில்தான் படுக்கிறதாம். ஒரு வருஷத்துக்கு மேல் விரட்டி வைத்ததில் அதற்கு மறந்துபோச்சு போல என்று, தன் மேல்தான் குற்றம் என்பதுபோலச் சொன்னார். மடியிலிருந்து மொச்சைக்காயை எடுத்து என் மேசையில் வைத்தார்.

டாக்டர் உள்ளே இருந்தார். “எங்க கம்பவுண்டரய்யா இல்லேன்னா இது செத்திருக்கும்” என்று அவரிடமும் போய்ச் சொன்னார் அந்த அம்மா. டாக்டர் வெள்ளை நாயைப் பார்த்தார், அதன் முன்னங்காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மொச்சைக்காயை எடுத்துக்கொண்டு மருந்தறைக்குள் போய்விட்டேன்.